ஐஸ் சொறி

9 மார்ச் 2023, வியாழன்

காலை 6 மணி – 99. பகல் 2 மணி – 101. மாலை 6 மணி – 102.4. உடம்பெல்லாம் தடிப்பு. இரண்டு கண்ணும் சிவப்பு. முட்டி வலி. சாப்பிட்டது: இட்லி இரண்டு, கஞ்சி அரை டம்ளர்.

இப்படித்தான் எழுத வேண்டுமாம். கோரிமேட்டு பெரிய ஆஸ்பத்திரியில் இன்று என் மகள் சங்கவியைப் பார்த்த டாக்டர் பாரதி சொன்னார். சின்ன வயசு. சங்கவியைவிட ஏழெட்டு வயது கூட இருந்தால் அதிகம். "வீட்டுல யாராவது ஒருத்தர் தினமும் காய்ச்சலை எழுதி வைக்க முடியுமா?" என்று கேட்டார். என்னைப் பார்த்துக் கேட்கிறார்! தேங்காய்த்திட்டு ஐஸ் கம்பெனியில் இருபத்தேழு வருடமாக மணிக்கொரு தடவை ஐஸ் உறைகிற உப்புத்தண்ணித் தொட்டியின் டிகிரியை எழுதுகிற ஆபரேட்டர் நான். இதில் மைனஸ் போட வேண்டாம், அவ்வளவுதான் வித்தியாசம். கம்பெனியில் பாதி எழுதாமல் கிடந்த பழைய ரிஜிஸ்டர் ஒன்றை எடுத்து வந்துவிட்டேன்.

நிறையக் கேள்வி கேட்டார். எப்போதிலிருந்து? பிறந்த மூன்றாம் நாளிலிருந்து. அப்போது பச்சைக் குழந்தைக்கு உடம்பு சிவக்கிற செவ்வாப்பு என்று சொல்லி நாட்டு மருந்து கொடுத்தோம். மாதத்தில் இரண்டு மூன்று தடவை வரும், இரண்டு நாள் படுத்தும், தானாகப் போய்விடும். இருபது வருடத்தில் நாங்கள் பழகிவிட்டோம். சங்கவி அதற்குப் பெயரே வைத்துவிட்டாள் – பழைய ஆள். "அப்பா, பழைய ஆளு வந்துட்டாரு, இன்னிக்கு காலேஜ் கட்" என்பாள்.

"குடும்பத்துல வேற யாருக்காவது இந்த மாதிரி தடிப்பு, காய்ச்சல் இருக்கா? உங்களுக்கு? உங்க அப்பா அம்மாவுக்கு?"

ஒருத்தருக்கும் கிடையாது என்றேன். கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டார்.

சங்கவியை என் மனைவி வசந்தாவோடு இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு என்னிடம் ஏதோ விளக்கமாகச் சொன்னார். எனக்கு இடது காது சுத்தமாகப் போய்விட்டது, வலது காதில் கால்வாசி மிச்சம். ஐஸ் உடைக்கிற கிரஷர் பக்கத்தில் நிற்கிறவனுக்கு வேறென்ன கிடைக்கும்? ஆள் வாயைப் பார்த்துத்தான் பேச்சைப் பிடிப்பேன், அவரோ மாஸ்க் போட்டிருந்தார். 'அலர்ஜி மாதிரி தெரியுது' என்றது மட்டும் கேட்டது. மீதிக்குத் தலையாட்டினேன். இரண்டு மாதம் கழித்து, மே எட்டாம் தேதி வரச் சொன்னார்.

வெளியே வந்து வசந்தாவிடம் அலர்ஜி என்றதும் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். "நான் எத்தினி வருஷமா தலையில அடிச்சிக்கினு சொல்றேன், மீன்தான் மீன்தான்னு! தடைக்காலத்துல மீன் இல்ல, காச்சலும் இல்ல. இதுக்கு டாக்டர் வேற சொல்லணுமா?" என்றாள். யோசித்தால் உண்மைதான். ஏப்ரல் பதினைந்திலிருந்து இரண்டு மாதம் போட் கடலுக்குப் போகாது. அந்த இரண்டு மாதம் சங்கவிக்குக் காய்ச்சல் வருவது அபூர்வம்.

ஆக, இன்றிலிருந்து மீன் கிடையாது. கடலோர வைத்திக்குப்பத்தில் பிறந்த பெண்ணுக்கு!

14 மார்ச், செவ்வாய்

மாலை 101. தடிப்பு. மீன் நிறுத்தி ஐந்து நாள். உடம்பில் இருக்கிற பழைய மீன் இறங்க நாளாகும் என்கிறாள் வசந்தா. பழைய மீனாம்.

2 ஏப்ரல், ஞாயிறு

காய்ச்சல் இல்லை.

நெத்திலி வந்திருந்தது. வசந்தா எனக்கு மட்டும் குழம்பு வைத்தாள். சங்கவி ரசம் சோற்றைப் பிசைந்துகொண்டே என் தட்டைப் பார்த்தாள். "நல்லாத் தின்னுப்பா. நெத்திலி உன்ன ஆசீர்வாதம் பண்ணும்" என்றாள். சிரித்தேன். ஆனால் பாதியில் எழுந்துவிட்டேன். வசந்தா என்னைத் திட்டினாள், அவளையும் திட்டினாள்.

15 ஏப்ரல், சனி

காய்ச்சல் இல்லை. தடைக்காலம் தொடங்கிவிட்டது. கம்ப்ரசரை நிறுத்தினோம். தொட்டி கழுவுகிற வேலைதான் இனி.

என் ஐஸ் சொறிக்கும் இரண்டு மாதம் லீவு. ஐஸ் கேன் இறக்குகிற அறைக்குள் அரை மணி நின்றால் கையும் தொடையும் தடித்துச் சிவந்துவிடும். சாயங்காலம் உடம்பு காயும், கம்பளி போர்த்திப் படுத்தால் காலையில் அடங்கிவிடும். அப்பாவுக்கும் இப்படித்தான். அவரும் இதே கம்பெனியில் ஐஸ் தூக்கினவர். "ஐஸு நம்ம மேல கையெழுத்து போடுதுடா" என்பார். தொழில் செய்கிறவனுக்கு இது கூடவே வருவது. கொத்தனாருக்கு சிமெண்ட் கை மாதிரி.

20 மே, சனி

காய்ச்சல் இல்லை. ஐந்து வாரமாக இல்லை! எழுதி எழுதி எனக்கே திருஷ்டி பட்டுவிடும் போல இருக்கிறது. கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கிறது, சங்கவி மட்டும் பாடிக்கொண்டு திரிகிறாள்.

எட்டாம் தேதி ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. காரணம்தான் தெரிந்துவிட்டதே, அங்கே போய் அரை நாள் வரிசையில் நிற்பது எதற்கு? வசந்தாவும் அதையேதான் சொன்னாள். நெற்றியில் ஈரத்துணி போடும் வேலை மிச்சம் என்று அவளுக்கு சந்தோஷம்.

சங்கவிக்கு நேரு வீதியில் பெரிய துணிக்கடையில் வேலை கிடைத்திருக்கிறது. பில் போடுகிற வேலை. ஏசி கடை. ஜூன் இருபதில் சேர வேண்டும்.

3 ஜூலை, திங்கள்

காலை 101. மாலை 103. தடிப்பு. கண் சிவப்பு. இரண்டு முட்டியும் வீக்கம்.

கடையில் சேர்ந்ததிலிருந்து தினமும். ஒரு நாள் விடாமல் தினமும்.

இன்று வீட்டில் நடந்ததை எழுதத்தான் வேண்டும். வசந்தா அவளைப் பிடித்து உலுக்கிவிட்டாள். "எவ வூட்லடி மீன் தின்ன? நெசத்த சொல்லு. கடைல கூட வேல செய்றவளுங்க குடுத்தாளுங்களா?" அவள் இல்லை இல்லை என்று அழுதாள். "சத்தியமாம்மா. ஏசிலதாம்மா எலும்பெல்லாம் குடையுது" என்றாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். என்னைப் பார்த்தாள். நான் என்ன சொன்னேன்? "ஐஸ்காரன் பொண்ணுக்கு ஏசி ஆவாதா?" என்று சொன்னேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

திருட்டுத்தனமாக மீன் தின்றிருப்பாள் என்று நானும் நினைத்தேன். எழுதிவிட்டேன், போ.

21 ஆகஸ்ட், திங்கள்

சங்கவிக்கு வேலை போய்விட்டது. டிவியை என்னைப் போலவே சத்தமாக வைக்கிறாள். கிண்டல் பண்ணுகிறாள் என்று நினைத்துத் திட்டினேன்.

12 அக்டோபர், வியாழன்

மாலை 100.8. தடிப்பு கொஞ்சம்.

காலையில் செருப்பு மாட்ட முடியவில்லை என்றாள். பாதம் வீங்கியிருக்கிறது. விரலால் அழுத்தினேன். குழி விழுந்தது, எழும்பவில்லை. சிறுநீர் சோப்பு மாதிரி நுரைக்கிறதாம், ஒரு மாதமாக. அம்மாவிடம் சொல்லவில்லையாம்.

அப்பாவுக்கு இப்படித்தான் பாதத்தில் தொடங்கியது. அப்போது எனக்கு இருபது வயது.

17 அக்டோபர், செவ்வாய்

காலை ஷிப்டில் பாதியில் சொல்லிக்கொண்டு, கம்பெனி சட்டையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வசந்தாவும் சங்கவியும் முன்னாடியே வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

டாக்டர் பாரதி ரிஜிஸ்டரை முதல் பக்கத்திலிருந்து படித்தார். அவ்வளவு பொறுமையாக என் எழுத்தை இதுவரை யாரும் படித்ததில்லை. மே மாதம் ஏன் வரவில்லை என்று கேட்டார். "நீங்கதான் அலர்ஜின்னு சொல்லிட்டீங்களே மேடம், மீன நிறுத்திட்டோம்" என்றேன். புரியாமல் பார்த்தார். பிறகு மாஸ்கைக் கீழே இறக்கி, ஒரு தாளில் பெரிதாக எழுதி என் பக்கம் திருப்பினார்.

அழற்சி.

"அலர்ஜின்னு நான் சொல்லலைங்க. அழற்சின்னு சொன்னேன். இது வேற. உடம்பு உள்ளுக்குள்ள தானாவே அழன்று எரியறது. மீனுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

வசந்தா வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். சங்கவி யாரையும் பார்க்கவில்லை.

அந்தத் தாளை வாங்க நான் கையை நீட்டினேன். கை தடித்துச் சிவந்து கிடந்தது. டாக்டர் தாளைக் கொடுக்காமல் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இது என்ன?"

"ஒண்ணும் இல்ல மேடம். ஐஸ் சொறி. தொழில்ல வர்றது."

"காய்ச்சல் வருமா?"

"சாயங்காலம் லேசா காயும்."

"கண்ணு ஏன் சிவந்திருக்கு?"

"அம்மோனியா, மேடம்."

"காது?"

"கிரஷர்."

"இதெல்லாம் ஐஸ் கம்பெனில எல்லாருக்கும் வருமா?"

"எல்லாருக்கும்."

"யார் யாருக்குன்னு பேரு சொல்லுங்க."

வாயைத் திறந்தேன். என் பெயரைச் சொன்னேன். அப்பா தட்சிணாமூர்த்தி பெயரைச் சொன்னேன். அதற்கப்புறம் – அதற்கப்புறம் ஒரு பெயரும் வரவில்லை.

அப்பா எப்படி இறந்தார் என்று கேட்டார். உடம்பு வீங்கி, நாற்பத்தெட்டு வயதில் என்றேன். அவர் சங்கவிக்கும் எனக்கும் சேர்த்து இரத்தப் பரிசோதனை எழுதினார்.

18 அக்டோபர், புதன்

99.

கண்ணையன் என்னோடு இருபத்தொரு வருடமாக ஐஸ் அறைக்குள் நிற்கிறவன். அவன் கையை நீட்டச் சொன்னேன். காட்டினான். காய்ப்பு இருக்கிறது, தழும்பு இருக்கிறது. தடிப்பு இல்லை.

"உனக்கு ஐஸ் சொறி வந்ததே இல்லையாடா?"

"எனக்கு எதுக்கு வரப்போவுது? அது தட்சிணாமூர்த்தி வூட்டு சொறி. கம்பெனில எல்லாரும் அப்டித்தான சொல்லுவோம், உனக்குத் தெரியாதா?"

தெரியாது. எனக்குத்தான் காது கேட்காதே. என் முதுகுக்குப் பின்னால் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் எனக்கு மட்டும் தெரியவில்லை. அந்த டாக்டர் அத்தனை தெளிவாகக் கேட்டார். உங்களுக்கு? உங்க அப்பா அம்மாவுக்கு? நான் ஒருத்தருக்கும் கிடையாது என்றேன். பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன். சொன்ன அன்றைக்கும் சட்டைக்குள் தடிப்பு இருந்தது. சொறிஞ்சிக்கினே சொன்னேன்யா.

6 டிசம்பர், புதன்

இரத்தம் வெளியூர் போய் ரிசல்ட் வந்துவிட்டது. சங்கவிக்கும் எனக்கும் ஒரே மாதிரி. ஒரு ஜீனில் ஓர் எழுத்து மாறியிருக்கிறதாம். அப்பாவிடமிருந்து எனக்கு, என்னிடமிருந்து அவளுக்கு. பிள்ளைக்கு இறங்க இரண்டில் ஒரு வாய்ப்பாம். என் காது போனதும், அவள் டிவியைச் சத்தமாக வைப்பதும் இதனால்தானாம். நோயின் பெயர் என் வாயில் நுழையவில்லை, எழுதவும் வரவில்லை.

டாக்டர் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டும் எழுதுகிறேன். உடம்புக்குள் கிருமி வந்தாலோ காயம் பட்டாலோ மற்ற செல்களுக்குச் சேதி சொல்ல ஒரு சரக்கு சுரக்கிறது. இன்டர்லூகின்–1 என்று பெயர். அது போய்ச் சொன்னால்தான் காய்ச்சல் வரும், வீங்கும், சிவக்கும், கிருமியோடு உடம்பு சண்டை போடும். "அது கெட்டதா மேடம்?" என்று கேட்டேன். "நல்லதுதாங்க. அது இல்லாட்டி காயம் கூட ஒழுங்கா ஆறாது. உங்க ரெண்டு பேருக்கும் அது கேக்காமலே சுரக்குது. குளிர் பட்டா இன்னும் கூடுது, வெயில் காலத்துல குறையுது" என்றார்.

எனக்குப் புரிந்தது. எங்கள் பிளான்ட்டில் அம்மோனியா கசிந்தால் சைரன் ஊதும். ஒரு தடவை ஒயர் கெட்டுப்போய், கசிவே இல்லாமல் இரண்டு நாள் ஊதிக்கொண்டிருந்தது. சங்கவிக்குள் இருபது வருடமாக ஊதுகிறது.

அப்படி ஊதிக்கொண்டே இருந்தால் ஈரல் ஏதோ ஒரு புரதத்தை அதிகமாகச் சுரந்து தள்ளுமாம். அது கரையாமல் போய் கிட்னியில் படியும். சங்கவியின் கிட்னியில் ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்த்ததில் நிறையப் படிந்திருக்கிறது. "இது நீங்க வராம இருந்த ஏழு மாசத்துல வந்தது இல்லைங்க, வருஷக்கணக்கா சேர்ந்தது" என்றார், நான் கேட்காமலேயே. நல்ல பெண். ஆனால் மார்ச் மாதம் கொடுத்த இரத்தத்தில் கிட்னி எண் ஏறக்குறைய சரியாக இருந்தது. நான் எண் படிக்கத் தெரிந்தவன்.

அந்த இன்டர்லூகின் போய் ஒட்டுகிற இடத்தை அடைக்கிற ஊசி இருக்கிறது. இங்கே கடையில் கிடைப்பதில்லை. பிரான்சில் ஒரு டாக்டருக்கு எழுதி, இலவசமாகக் கேட்டுப் பார்க்கிறேன் என்றிருக்கிறார்.

பஸ்ஸில் வசந்தா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். இறங்கும்போது, "குளிர் பட்டா கூடுமாமே. நான் ஒவ்வொரு காச்சலுக்கும் ஈரத்துணி போட்டேனே" என்றாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

28 ஜனவரி 2024, ஞாயிறு

98.9. தடிப்பு.

டயாலிசிஸ் தொடங்கி ஒன்பது நாள். கழுத்தோரம் குழாய். வாரத்துக்கு மூன்று தடவை. முடிந்து வெளியே வரும்போது அவள் முகம் துவைத்த துணி மாதிரி இருக்கிறது.

என் கிட்னியை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அதிலும் அதே நோய் இருக்கிறது, தர முடியாது என்றார்கள். வசந்தாவின் கிட்னியைப் பார்த்தார்கள். அவளுக்கு சர்க்கரை.

22 பிப்ரவரி, வியாழன்

ஊசி வந்துவிட்டது!

டெல்லியிலிருந்து அனுமதிக் கடிதம் வர ஆறு வாரம் ஆனது. எங்கள் தெரு சொல்தா வீட்டு அன்னக்கிளி அக்காவின் மகள் பாரிசிலிருந்து லீவுக்கு வந்தாள், அவள்தான் கையில் வைத்துக் கொண்டு வந்தாள். தாத்தா பிரெஞ்சு பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்த குடும்பம். அந்த வீட்டு வாசலில் பிரெஞ்சுக் கொடி ஏற்றும்போதெல்லாம் நான் நக்கல் அடித்திருக்கிறேன். இனி அடிக்க மாட்டேன். ஐம்பத்தாறு ஊசி. ஒவ்வொன்றிலும் சின்ன லேபிள், ஏ. சங்கவி என்று அவள் பெயர்.

ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும், ஆனால் உறையவே கூடாதாம். உறைந்தால் வீண். வாழ்நாள் முழுக்கத் தண்ணீரை உறைய வைத்துப் பிழைத்தவனிடம் சொல்கிறார்கள். கம்பெனி தெர்மாமீட்டரைக் கொண்டுவந்து ஃபிரிட்ஜுக்குள் தொங்கவிட்டிருக்கிறேன். 4 டிகிரி. 5 டிகிரி. 4 டிகிரி.

கிட்னி வேலை செய்யாததால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டால் போதும். நர்ஸ் வசந்தாவுக்குச் சொல்லிக் கொடுத்தார். முதல் ஊசி மாலை ஐந்து மணிக்கு.

23 பிப்ரவரி, வெள்ளி

காலை 98.2. தடிப்பு இல்லை. கண் வெள்ளை.

கண் வெள்ளை! அவள் கண்ணை இத்தனை வெள்ளையாக நான் இன்றுதான் பார்க்கிறேன்.

எழுந்து உட்கார்ந்து ரொம்ப நேரம் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மாடிப்படி ஏறி இறங்கினாள். மறுபடி ஏறினாள். வந்து என் வலது காதுப் பக்கம் உட்கார்ந்து கேட்டாள்.

"அப்பா, எல்லாரும் தெனமும் இப்டியாப்பா இருக்காங்க?"

எனக்கு என்ன தெரியும்? நானும் இப்படி இருந்ததில்லையே.

10 மார்ச், ஞாயிறு

98.4. தடிப்பு இல்லை. பதினேழு நாள்.

நெத்திலிக் குழம்பு. புளி குறைத்து, உப்பு குறைத்து, அளவாகச் சாப்பிடலாம் என்று டாக்டர் சொன்னார். வசந்தா முள் எடுக்கத் தேவையே இல்லாத நெத்திலிக்கும் முள் எடுத்து ஊட்டிவிட்டாள். "உப்பில்லாம கேவலமா இருக்கும்மா" என்று சொல்லிக்கொண்டே தட்டை வழித்தாள். வசந்தா அழுதாள். அன்று உலுக்கியதற்கு மன்னிப்பு கேட்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. சங்கவிக்கும் புரிந்திருக்கும். "சரி சரி, இன்னும் ரெண்டு போடு" என்றாள்.

இரத்தத்தில் அழற்சி எண் நார்மலுக்கு வந்துவிட்டது. இப்படியே ஒரு வருடம் இருந்தால் இறந்தவர்களின் கிட்னிக்கு வரிசையில் பெயர் கொடுக்கலாமாம்.

4 ஏப்ரல், வியாழன்

காலை 98.6. பகல் 1 மணி – 100. மாலை 4 மணி – 102. நடுக்கம். தடிப்பு இல்லை. கண் வெள்ளை.

ஆறு வாரமாக இல்லாத காய்ச்சல். இந்தத் தடவை டயாலிசிஸ் நேற்றுதான் முடிந்தது. குழாய் இருப்பதால் இனி காய்ச்சல் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். ஆட்டோ கூப்பிடவா என்றேன். "வேணாம்பா. பழைய ஆளுதான், சும்மா பாத்துட்டுப் போவ வந்திருக்காரு. இன்னிக்கு ஊசி நாளுதான, போட்டா ஓடிருவாரு. காலைல போலாம்" என்றாள். எத்தனை வருடமாகப் பார்த்த காய்ச்சல். அவளுக்குத் தெரியாததா. ஐந்து மணிக்கு வசந்தா ஊசி போட்டாள். மாலை 7 மணி – 101. குறைகிறது.

5 ஏப்ரல், வெள்ளி

காலையில் எழுப்ப முடியவில்லை. ஆஸ்பத்திரி. இரத்தத்தில் கிருமி. குழாய் வழியாகப் போயிருக்கலாம் என்கிறார்கள், யார் தப்பும் இல்லை, குழாய் இருக்கிறவர்களுக்கு வரக்கூடியதுதான் என்கிறார்கள். டாக்டர் பாரதி ஒரே ஒரு தடவை கேட்டார். "நேத்தே ஏன் வரல?"

நடுக்கம். தடிப்பு இல்லை. கண் வெள்ளை. நான்தான் எழுதியிருக்கிறேன், என் கையெழுத்து. பழைய ஆள் என்றைக்குத் தடிப்பு இல்லாமல் வந்தான்? என்றைக்குக் கண் சிவக்காமல் வந்தான்? இது வேற காச்சல்னு அந்தப் பக்கத்துலயே இருக்குதே. ஒரு வருஷமா எழுதி எழுதி இன்னாத்தக் கண்டேன் நான். எழுதத் தெரிஞ்சவனுக்குப் படிக்கத் தெரியலையே.

8 ஏப்ரல், திங்கள்

காலை 7.10. சங்கவி போய்விட்டாள்.

20 மே, திங்கள்

டாக்டர் பாரதி மூன்று தடவை போன் பண்ணி, இன்று வசந்தா என்னை இழுத்துக்கொண்டு போனாள். என் சிறுநீரிலும் புரதம் இறங்க ஆரம்பித்திருக்கிறது. இன்னும் கிட்னி கெடவில்லை. இப்போது அழற்சியை நிறுத்தினால் கெடாது.

ஃபிரிட்ஜில் முப்பத்துநான்கு ஊசி இருக்கிறது. பிரான்சு டாக்டரிடம் அவரே கேட்டு எழுதி வாங்கிவிட்டாராம், எனக்குப் போடலாம் என்று. உங்களுக்கென்று தனியாக வரும் வரைக்கும் இதைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றார்.

முடியாது என்றேன். அவள் பெயர் எழுதினது. பிள்ளைக்கு வந்ததை எடுத்து அப்பன் போட்டுக்கொள்வதா? எழுந்து வெளியே வந்துவிட்டேன். டாக்டர் பின்னாலேயே வந்தார். வாசல் வரை வந்து திரும்பிப் போனார்.

30 ஜூன், ஞாயிறு

போட் எல்லாம் கடலுக்குப் போய் இரண்டு வாரம். ஐஸ் அறைக்குள் போக வேண்டாம் என்று முதலாளி என்னை கேட்டில் உட்கார வைத்துவிட்டார். அப்படியும் முட்டி வலி, காய்ச்சல். யாருக்கு எழுதுவது என்று தெரியாமல் எழுதி வைக்கிறேன். மாலை 100.2.

ஃபிரிட்ஜ் தெர்மாமீட்டரை வசந்தா இன்னும் தினமும் பார்க்கிறாள். இன்று சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "எனக்கு இன்னொருத்தர அனுப்பி வைக்க தெம்பு இல்லங்க." அவ்வளவுதான் சொன்னாள். அதற்கு மேல் என்னால் வீம்பு பிடிக்க முடியவில்லை.

2 ஜூலை, செவ்வாய்

மாலை ஐந்து மணிக்குப் போட்டாள். லேபிளை முதலில் நகத்தால் உரித்து எடுத்து, சாமி மாடத்தில் ஒட்டினாள். பழகின கை. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

3 ஜூலை, புதன்

காலை 98.2. தடிப்பு இல்லை.

விழித்ததும் உடம்பில் எதையோ காணோம் என்று தோன்றியது. முட்டியை மடக்கினேன், மடங்கியது. விரல்களை மூடித் திறந்தேன். கண்ணாடியில் பார்த்தேன், கண் வெள்ளையாக இருந்தது. ஐம்பத்திரண்டு வயதில் முதல் தடவையாக எனக்கு எங்கேயும் வலிக்கவில்லை.

கட்டிலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். வசந்தா டீயோடு வந்தவள் பதறிப்போய் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"இன்னாங்க, வலிக்குதா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன்.